சாட்ஸ்கேன்: மலேரியாக் கொத்தைக் கண்டுபிடிக்க

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் மலேரியாக் களப்பணி பார்ப்பவன் நான். சாட்ஸ்கேன் (SaTScan) என்ற இந்த இலவச மென்பொருளைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். புள்ளியியலாளர் மார்ட்டின் குல்டார்ஃப் 1997-இல் வெளியிட்ட ஸ்கேன் புள்ளியியல்தான் அடிப்படை. ஊர் முழுக்க வட்டத்தை நகர்த்தி, எதிர்பார்த்ததைவிட எங்கே நோயாளிகள் அதிகம் என்று தேடும்; அப்படிக் குவிந்த இடம்தான் கொத்து. அது தற்செயலா என்றும் நோயாளிகளைச் சீரற்ற முறையில் வழக்கமாக 999 தடவை குலுக்கிப் போட்டு ஒப்பிட்டுச் சொல்லும்.

நம் கடலோரக் குடியிருப்புகள் நீளவாக்கில் கிடப்பதால் நீள்வட்டத்தையும் போட்டுப் பாருங்கள். அப்புறம், வெளியூர்த் தொழிலுக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பும் மீனவருக்கு வீட்டு முகவரிதான் பதிவாகும். கொசு கடித்த இடம் வேறு. பயண விவரம் கேட்காமல் ஓட்டினால் கொத்து தப்பான தெருவில் விழும். சரியாக விழுந்தால், எந்தக் கிணறு, எந்தத் தொட்டி, எந்தச் சவுக்குத் தோப்புக் குழியில் முதலில் கொசுப்புழு தேடுவது என்பது தெளிவாகிவிடும்.