"1853 என்ஃபீல்டு, ஒரிஜினல், கண்டிஷன் அருமை" என்று யாராவது படம் அனுப்பினால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பழைய ராணுவத் துப்பாக்கிகள் சேகரிப்பவர்கள், சேகரிக்க ஆசைப்படுபவர்கள், குறிப்பாகச் சென்னையில் இருப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்கும் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம், என்ஃபீல்டு 1853 மாடல் என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிக்காக 1,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை, ஆனால் அவர் பேசும் பேச்சைக் கீழே எழுதியிருக்கிறேன், கேட்டவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும்.

அவர் அனுப்பிய படங்கள் அசல் துப்பாக்கியின் படங்கள்தான். மூன்று பட்டைகள் போட்டு இறுக்கிய நீள பேரல், பக்கத் தகட்டில் மகுடம், அதன் கீழே விக்டோரியா ராணியின் வி.ஆர். எழுத்துகள், கட்டையில் ஒரு கணு. எழும்பூர் அருங்காட்சியகத்திலும் கோட்டை அருங்காட்சியகத்திலும் ஆயுதப் பகுதியை விட்டு நகராமல் நின்று பார்த்துப் பழகியவன் நான், படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. "ஒரிஜினல்தான் சார், நான் கேரண்டி" என்று அவரே வாய்ஸ் மெசேஜ் போட்ட பிறகுதான் வங்கி வழியாகப் பணம் அனுப்பினேன். பார்சலில் "கண்ணாடி பிரேம்" என்று எழுதி வந்தது.

பிரித்ததும் பாலிஷ் வாடை. கட்டையில் அந்தக் கணுவே இல்லை, இது வேறு துப்பாக்கி. எண்ணெய் தொட்ட பஞ்சால் பேரலைத் துடைத்தால் துரு பஞ்சோடு வந்துவிட்டது, அடியில் பளபளவென்று புது இரும்பு. பக்கத் தகட்டில் வி.ஆர். முத்திரைக்குப் பக்கத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் இதய வடிவ முத்திரையையும் அடித்து வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரையைக் கம்பெனி 1808 வாக்கிலேயே கைவிட்டு, மகுடம் ஏந்திய சிங்கத்துக்கு மாறிவிட்டது. விக்டோரியா அரியணை ஏறியதோ 1837-இல். இரண்டும் ஒரே தகட்டில் எப்படி வரும்?

சரி, பேரலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். 1853 மாடலுக்கு உள்விட்டம் .577 அங்குலம், அதாவது 14.7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, உள்ளே சுழன்று போகும் மூன்று வரிகள் (பள்ளக் கோடுகள்) இருக்க வேண்டும். இதில் வரியே இல்லை. வெர்னியர் அளவுகோல் வைத்தால் உள்விட்டம் 19 மில்லிமீட்டரைத் தாண்டியது. நீளவாக்கில் வெல்டிங் தடித்துக் கோடாக ஓடுகிறது, கடைந்து எடுத்த குழலில் அப்படி இருக்காது. ஹார்டுவேர் கடைக் குழாய்!

போன் போட்டுக் கேட்டேன். "சார், 1857-க்கு அப்புறம் சிப்பாய்களுக்கு வரி இல்லாத துப்பாக்கிதான் குடுத்தாங்க, இது அந்த மாடல், இன்னும் ரேர்" என்றார். இதுதான் ரொம்ப ஆபத்தான பேச்சு, ஏனென்றால் சொன்ன வரலாறு உண்மை. கலகத்துக்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு வரியை எடுத்துவிட்ட என்ஃபீல்டுகளைத்தான் கொடுத்தார்கள். ஆனால் அவற்றின் உள்விட்டம் .656 அங்குலம், 16.7 மில்லிமீட்டர் பக்கம் வரும். 19 வராது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது, "பில்லைப் பாருங்க சார்" என்றார். பில்லில் "பழைய பாணி அலங்காரப் பொருள்" என்று இருக்கிறது, அதுவும் பார்சலோடுதான் வந்தது.

பணம் போனதைவிட என்னைப் பதற வைத்தது வேறு. "நூறு வருஷம் தாண்டினா லைசென்ஸ் வேண்டாம்" என்று ஒரு சான்றிதழும் சேர்த்து அனுப்பியிருந்தார். அப்பட்டமான பொய். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு கொடுப்பது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும் சுடவே முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான். வயதை மட்டும் வைத்து விலக்கு கிடையாது. எனக்கு வந்ததில் மருந்து பற்ற வைக்கும் துளை பேரல் வரை திறந்திருந்தது, பின்பக்கமும் அடைத்திருந்தது, மருந்து போட்டால் சுடக்கூடிய நிலை. அதாவது, பழைய துப்பாக்கி என்று காசு வாங்கிக்கொண்டு, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். பிள்ளைகள் இருக்கிற வீடு. மாட்டினால் ஜாமீனுக்கு அலையப்போவது வாங்கியவன்தான். வக்கீலிடம் பேசி, எழுத்து மூலமாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன்.

இப்போது அதே ஆள் "மார்ட்டினி ஹென்றி, புதுசு மாதிரி" என்று இன்னொரு படத்தைச் சுற்றவிட்டிருக்கிறார். அது பின்பக்கம் தோட்டா போடும் ரகம், சுடும் நிலையில் இருந்தால் லைசென்ஸ் இல்லாமல் தொடவே கூடாது. யாராவது முன்பணம் கொடுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். நேரில் போய், பேரலுக்குள் வெர்னியர் வைக்க விடாதவரிடம் பேச்சே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், பில்லுக்கு எதிராக நம் கையில் இருக்கும் சாட்சி அதுதான். நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் போட்டுவிட்டேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் இருந்தால் தனியாகத் தகவல் அனுப்புங்கள், புகார்களைச் சேர்த்துக் கொடுக்கலாம்.