உரைபெயர்ப்பு டிப்ளமோ: இரண்டு பிள்ளைகளின் தாயாகப் படித்து முடித்த அனுபவம்

மெல்போர்னின் மேற்குப் புறநகரில் உள்ள ஓர் அரசுத் தொழிற்கல்லூரியில் உரைபெயர்ப்பு டிப்ளமோவைச் சென்ற டிசம்பரில் முடித்தேன். பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வகுப்பறைக்குப் போகத் தூண்டியது ஒரு மருத்துவமனைக் காட்சி. என் மாமியாரின் பரிசோதனை முடிவை மருத்துவர் சொல்ல, அதைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு பதினொரு வயதான என் மகளின் மேல் விழுந்தது. ஒரு குழந்தை சுமக்கக் கூடாத சுமை அது என்று அன்றே தோன்றியது.

ஆஸ்திரேலியாவில் எழுத்தைப் பெயர்ப்பவரை மொழிபெயர்ப்பாளர் என்றும், பேச்சைப் பெயர்ப்பவரை உரைபெயர்ப்பாளர் என்றும் பிரித்தே சொல்கிறார்கள். 131 450 என்ற எண்ணை அழைத்தால் எந்த நேரத்திலும் உரைபெயர்ப்பாளரை இணைத்துத் தரும் அரசுச் சேவை இங்கே உண்டு. அந்த அழைப்பின் மறுமுனையில் இருப்பவருக்கு இரண்டு மொழிகள் தெரிந்திருந்தால் மட்டும் போதாது என்பதை இந்தப் படிப்பு முதல் மாதத்திலேயே எனக்கு உணர்த்தியது.

படிப்பின் பெரும் பலம் நினைவுப் பயிற்சியும் குறிப்பெடுக்கும் பயிற்சியும்தான். ஆசிரியர் ஒரு நோயாளியின் பேச்சை வாசிப்பார். நாங்கள் பேனாவைத் தொடாமல் கேட்டு, திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் குறிப்பெடுக்கக் கற்றுத் தந்தார்கள். சொற்களை முழுதாக எழுதிக்கொண்டிருந்த நான் ஒவ்வொரு முறையும் வாக்கியத்தின் பின்பாதியைத் தவறவிட்டேன். அம்புக்குறி, வெட்டுக்கோடு, ஓரெழுத்துச் சுருக்கம் என்று என் கை பழகுவதற்கு ஒரு பருவம் முழுதும் பிடித்தது. தமிழில் எதிர்மறைச் சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது தனிச் சிக்கல். "போன வாரம் டாக்டர் சொன்ன அந்த மாத்திரையை நான் நிறுத்தவே இல்லை" என்ற வரியைப் பேசுபவர் முடிப்பதற்குள் ஆங்கிலத்தில் தொடங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டதாகவே ஒருமுறை சொல்லிவிட்டேன். அது பயிற்சி வகுப்பு என்பதால் யாருக்கும் கேடு விளையவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

நெறிமுறைப் பாடமும் நடிப்புப் பயிற்சியாகவே நடந்தது. மருத்துவர் அறையை விட்டு வெளியே போனதும், முதியவராக நடித்த தோழி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நீங்களே சொல்லுங்கோ, இந்த ஒப்பரேசனைச் செய்யலாமோ?" என்று கேட்டார். பெரியவர் ஒருவர் அப்படிக் கேட்கும்போது பதில் சொல்லாமல் இருக்க நம் வளர்ப்பு இடம் தராது. ஆயினும் ஆலோசனை சொல்வது உரைபெயர்ப்பாளரின் வேலை அன்று. அந்தக் கேள்வியை மருத்துவரிடமே கேட்கச் சொல்லி, அவர் திரும்பி வந்ததும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சேர்ப்பதுதான் முறை. மரியாதை குறையாமல் அதைச் சொல்லும் விதத்தை அந்த வகுப்பில்தான் கற்றேன்.

குறை தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. கோட்பாட்டு வகுப்புகள் எல்லா மொழியினருக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் நடந்தன. தமிழுக்கு நாங்கள் நான்கே பேர் இருந்ததால், தமிழ் தெரிந்த ஆசிரியர் இரண்டு வாரங்களுக்கு ஒரு சனிக்கிழமை மட்டுமே வந்தார். பயிற்சி உரையாடல்களோ ஆங்கிலத்தில் எழுதித் தமிழுக்கு மாற்றியவை. "நான் எனது அடிவயிற்றில் கூர்மையான வலியை அனுபவிக்கிறேன்" என்று எந்த நோயாளியும் சொல்லி நான் கேட்டதில்லை. "அடிவயிறு சுருக்கு சுருக்குனு குத்துது" என்பார்கள். காதைப் பழக்க வேண்டிய பாடம் இப்படி இருந்தது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

இங்குள்ள தமிழர்களில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கணிசமானவர்கள். மதுரைக்காரியான எனக்கு "வருத்தம்" என்றால் மனக்கவலை. யாழ்ப்பாணத்தவருக்கு அது நோயும்கூட. "அவர் என்னைப் பேசினவர்" என்று அங்கிருந்து வந்த ஒரு பெண் சொன்னால், திட்டினார் என்று பொருள். குடும்ப வன்முறை வழக்கில் அதை உரையாடினார் என்று பெயர்த்தால் வாக்குமூலமே மாறிவிடும். இவற்றை எனக்குச் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த வகுப்புத் தோழி. பாடத்திட்டத்தில் இவற்றுக்கு ஒரு மணி நேரமும் ஒதுக்கப்படவில்லை.

பெற்றோராகப் படிப்பதற்குக் கல்லூரி வசதியாகவே இருந்தது. வகுப்புகள் மாலையில் நடந்தன. மகனுக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் ஒப்படைப்புக்கான அவகாசத்தைத் தயங்காமல் நீட்டித்தார்கள். டிப்ளமோ மட்டும் போதாது, உரைபெயர்ப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சான்றளிக்க 1977இல் தொடங்கப்பட்ட நாட்டி (NAATI) அமைப்பின் சான்றிதழ்த் தேர்வைத் தனியாகக் கட்டணம் செலுத்தி எழுத வேண்டும், பிறகு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்பதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லியிருக்கலாம். மூன்றாம் பருவத்தில்தான் எங்களுக்கு அது விளங்கியது. வேலையும் பெரும்பாலும் அழைப்புக்கு அழைப்பு கிடைப்பதுதான். மாதச் சம்பளத்தை நம்பிச் சேருபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, இந்தப் படிப்பை நான் பரிந்துரைக்கிறேன். சேர்வதற்கு முன் தமிழ் ஆசிரியர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வருவார் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் நால்வரும் இப்போது நாட்டி தேர்வுக்காக ஞாயிறுதோறும் தொலைபேசியில் பயிற்சி செய்கிறோம். ஒருவர் மருத்துவராகவும் ஒருவர் நோயாளியாகவும் பேச, ஒருவர் பெயர்க்கிறார். நான்காமவர் விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்கிறார். நோயாளியின் தமிழை மட்டும் நாங்களே எழுதிக்கொள்கிறோம்.