தேர்தல் காலமும் முதலீடும்: வெளியேறுவதா, பந்தயம் கட்டுவதா, பேசாமல் இருப்பதா?

"தேர்தல் முடியட்டும், அப்புறம் போடலாம்" என்று பணத்தை எடுத்து வைத்துக்கொள்பவர்கள் ஒரு ரகம். "இவர் வந்தால் இந்தத் துறைதான் ஏறும்" என்று அள்ளி வாங்குபவர்கள் இன்னொரு ரகம். எதையும் தொடாதவர்கள், தங்கத்துக்கும் அரசுப் பத்திரத்துக்கும் ஒதுங்குபவர்கள் என மேலும் இரண்டு ரகம் உண்டு. இவர்களில் யார் நிலை தேவலை?

வெளியேறுபவர் இரண்டு முறை சரியாகக் கணிக்க வேண்டும்: எப்போது விற்பது, எப்போது திரும்ப வாங்குவது. சறுக்குவது பெரும்பாலும் இரண்டாவதில்தான். 2025 ஏப்ரல் 2 அன்று டிரம்ப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்ததும், அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனப் பங்குகளின் போக்கைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீடு இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. 9ஆம் தேதி அவற்றில் பெரும்பகுதியை 90 நாள் தள்ளிவைத்தார். குறியீடு அன்றே 9.5 சதவீதம் ஏறியது. 4ஆம் தேதி பயந்து விற்றவருக்குத் திரும்பிவர முழுதாக மூன்று வர்த்தக நாள்கூடக் கிடைக்கவில்லை.

துறை மேல் பந்தயம் கட்டுவது இதைவிட மோசம் என்பேன். கேட்கும்போது கணக்கு அவ்வளவு கச்சிதமாக இருக்கும், ஆபத்தே அதுதான். டிரம்ப் எண்ணெய்க்கு வேண்டியவர், பைடன் பசுமை ஆற்றலுக்கு வேண்டியவர், சரிதானே? ஆனால் டிரம்பின் முதல் நான்கு ஆண்டுகளில் அமெரிக்கச் சந்தையில் கடைசியில் கிடந்த துறை எரிசக்தி. பைடன் காலத்தில், 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் அதுவே முதலிடம். பசுமை ஆற்றல் பங்குகளோ 2021 தொடக்கத்தில் உச்சம் தொட்டுவிட்டு இறங்கின. பெருந்தொற்று, போர், வட்டி விகிதம் ஆகிய மூன்றும் ஆட்சியாளரின் விருப்பத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன.

பாதுகாப்பு தேடுபவர்களும் முழுக்கத் தப்புவதில்லை. 2022 செப்டம்பர் 23 அன்று பிரிட்டன் அரசு கடன் வாங்கி வரிகளைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. அடி விழுந்தது அந்நாட்டு அரசுப் பத்திரங்களுக்கே. ஐந்தாம் நாள் மத்திய வங்கி தலையிட நேர்ந்தது. தங்கமா? 1933இல் அமெரிக்கா தன் குடிமக்களிடமிருந்த தங்கத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆணையிட்டது.

பேசாமல் இருப்பதற்கே என் ஓட்டு, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பிரெக்சிட், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகுவதற்கான வாக்கெடுப்பின் முடிவு வந்த 2016 ஜூன் 24 அன்று லண்டன் பங்குச்சந்தையின் எஃப்டிஎஸ்இ 100 குறியீடு 3 சதவீதம் விழுந்து, ஒரு வாரத்துக்குள் மீண்டது. பவுண்டு மீளவில்லை. வெளிநாட்டில் சம்பாதிக்கும் நிறுவனங்களே அந்தக் குறியீட்டில் அதிகம் என்பதால், பவுண்டின் சரிவே பங்குகளைத் தூக்கிவிட்டது. 2022இல் ரஷ்யப் பங்குச்சந்தை ஏறக்குறைய ஒரு மாதம் மூடியே கிடந்தது. வெளிநாட்டவரின் பங்குகள் அதன் பிறகும் முடங்கின. ஆகவே, எல்லாம் ஒரே நாட்டில், ஒரே நாணயத்தில் இருந்தால் பொறுமை உதவாது.

நான் கைவைக்கும் சந்தர்ப்பம் ஒன்றுதான்: வரிச் சட்டம் நிஜமாகவே மாறும்போது. மூலதன ஆதாய வரி (பங்கு, சொத்து போன்றவற்றை விற்ற லாபத்துக்கான வரி) உயர்ந்தாலோ, ஒரு திட்டத்துக்கான வரிச்சலுகை போனாலோ, கையில் நிற்கும் லாபம் மாறிவிடும். அதற்கும் மேடைப் பேச்சு போதாது, அரசிதழில் வர வேண்டும்.