ரெடிமேட் கணுக்கால் தாங்கி: சுங்கை சிப்புட்டில் வாங்குவதற்கு முன்

மருத்துவச் சாதனக் கடையில் ஏஎஃப்ஓ (கணுக்கால்-பாதத் தாங்கி) என்று கேட்டால் எடுத்துத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் தாங்கி இது. கெண்டைக்காலின் பின்புறம் இறங்கி, குதிகாலில் வளைந்து, உள்ளங்காலுக்கு அடியில் நீளும். மேலே ஒரு வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான். ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் ஊசி போட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பாத நுனியைத் தூக்க வராது. அவர்களுக்குச் சரியாகப் பொருந்திய தாங்கி, போட்ட அன்றே நடையைத் திருத்தும். பொருந்தாதது புண்ணில் கொண்டுபோய் விடும்.

வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்துதான் வின்கிரிஸ்டின். புற்றணு பிரிவதைத் தடுக்கிற அதே வேலை, நரம்புக்குள் பொருள் போய்வரும் பாதையையும் கெடுக்கிறது. மிக நீளமான நரம்பு பாதத்துக்குப் போவதால் அங்கேதான் முதல் அடி. செருப்பு கழன்று விழுந்தது தெரியாமலே பிள்ளை நடந்து போகும். சிமெண்டுத் தரையில் பாதம் ‘டப், டப்’ என்று விழும். சிகிச்சை முடிந்ததும் பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் தேறும். சிலருக்கு வருடக்கணக்கில் தங்கிவிடும். சோம்பலாக நடக்கிறான் என்று தயவுசெய்து திட்டாதீர்கள்.

கடைகளில் பெரும்பாலும் காலணி எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பெட்டியை நீட்டுவார்கள். அது போதாது. முதலில் முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். 90 பாகைக்கு வரவில்லையென்றால் கெண்டைத் தசை இறுகிவிட்டது. அந்த நிலையில் தாங்கி போட்டால் குதிகால் மேலே கிளம்பிக்கொண்டே இருக்கும். முதலில் பிசியோவிடம் நீட்டுப் பயிற்சி வேண்டும். அடுத்து மேல் விளிம்பு. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு முடிச்சுக்கு இரண்டு விரல் கீழே அது நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கும் நரம்பு அந்த முடிச்சை ஒட்டித்தான் போகிறது. அங்கே அழுத்தினால் இருக்கும் பலமும் குறையும்.

காலணி கயிறு கட்டுவதாகவோ வெல்க்ரோ வைத்ததாகவோ இருக்கட்டும். உள்ளட்டையை எடுத்துவிட்டு, அரை எண் முதல் ஒரு எண் வரை பெரிதாக எடுங்கள். ஜப்பான் சிலிப்பர் என்கிற ரப்பர் செருப்புக்கு இது ஒத்துவராது. காலணி இல்லாமல் தாங்கியோடு டைல்ஸில் நடந்தால் வழுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தோல். மரத்த கால் வலியைச் சொல்லாது. கொப்புளம் வெடித்த பிறகே தெரியும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் வெளிக்கணு, குதிகால், சுண்டுவிரல் பக்கத்து நடு விளிம்பு, மேல் விளிம்பு பட்ட இடம் ஆகிய நான்கையும் பாருங்கள். சிவப்பு 20 நிமிடத்தில் மறைந்தால் மறுநாள் ஒரு மணி நேரம் கூட்டலாம். அரை மணியாகியும் மறையாவிட்டால் போடுவதை நிறுத்திவிட்டு, பொருத்தியவரிடமோ பிசியோவிடமோ காட்டுங்கள். இதே மருந்தால் பிள்ளையின் விரல் நுனியும் மரத்திருக்கலாம், ஆகவே தடவிப் பார்த்தது போதாது. உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும், அல்லது அம்மா பார்க்கட்டும். முழங்கால் வரை எட்டும் பருத்திக் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துப் போட்டு, வியர்க்கும் நம் ஊரில் மதியம் ஒருமுறை மாற்ற வேண்டும்.

இடுப்போ தொடை இடுக்கோ வலித்து நொண்டினால் இதை வாங்கவே வேண்டாம். சிகிச்சையில் கொடுத்த ஸ்டீராய்டால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து எலும்பு அழிவதுண்டு. ஈப்போ மருத்துவமனைத் தவணைக்குக் காத்திராமல் முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள்.

பாதம் உள்ளே திரும்பிக்கொண்டாலோ ரெடிமேட் அளவு எதுவும் சேராவிட்டாலோ அச்செடுத்துச் செய்வதே நல்லது. ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டை உள்ளவர்கள் துணைக்கருவி உதவிக்குச் சமூகநல இலாகாவில் கேட்கலாம்.

பட்டையில் லாலாங் புல்லின் பூ ஒட்டினால் பிடிப்பு போய்விடும். பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுங்கள். பிளாஸ்டிக்கை வெந்நீரில் போடாமல், சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காய வையுங்கள். வளரும் பிள்ளை என்பதால் 3 மாதத்துக்கு ஒருமுறை அளவைச் சரிபாருங்கள். அப்போதே குதிகாலில் மட்டும் பத்து அடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். நடந்துவிட்டால், தாங்கியைக் குறைக்கலாமா என்று பிசியோவிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது.