குவாண்ட் மென்பொருள்: ஓசிதான், ஆனால் வாயைத் திறக்காது

நானோ அளவில் எலெக்ட்ரானை ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கும் மில்லிகெல்வின் குளிரும் டெஸ்லாக் கணக்கில் காந்தமும் பாளையங்கோட்டை, அபிஷேகப்பட்டிப் பக்கத்து எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்குக் கட்டுப்படியாகாது. நானோ வளையம், இரட்டைக் குவாண்டம் புள்ளி (எலெக்ட்ரானை அடைத்துவைக்கும் நானோ தீவு) வழியே எலெக்ட்ரான் எப்படிக் கடக்கிறது என்று கணக்குப் போட, பைத்தானில் ஓடும் குவாண்ட் (Kwant) போதும். சாதாரண லேப்டாப்பே தாங்கும். காண்டா-ஃபோர்ஜ் (conda-forge) தொகுப்புக் களஞ்சியம் வழியாகப் போடுங்கள். பிப் (pip) என்றால் கம்பைலரோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். ‘மம்ப்ஸ் இல்லை’ (MUMPS, சமன்பாடுகளை வேகமாகத் தீர்க்கும் நூலகம்) என்று எச்சரித்தால் விடை கெடாது, வேகம்தான் படுத்துவிடும்.

குவாண்ட் கணக்கில் பொருளைப் புள்ளிக் கட்டமாக (grid) வெட்டிக்கொள்வோம். காலியம் ஆர்சனைடில் கட்ட இடைவெளி 5 நானோமீட்டர் என்றால், பக்கத்துப் புள்ளிக்கு எலெக்ட்ரான் தாவுவதைக் குறிக்கும் தாவல் ஆற்றல் சுமார் 22.7 மில்லி எலெக்ட்ரான்வோல்ட். காந்த நீளம் (புலம் எலெக்ட்ரானை வளைக்கும் அளவு) கட்ட இடைவெளியைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். 1 டெஸ்லாவில் அது 25.7 நானோமீட்டர், பிரச்சினையில்லை. 10 டெஸ்லாவில் அது 8.1, அந்தக் கட்டம் அங்கே உதவாது.

குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுற்றித் தாமிரபரணி பிரிந்து கூடுகிற மாதிரி எலெக்ட்ரான் அலையும் வளையத்தில் பிரிந்து கூடும். (ஆற்றுத் தண்ணீருக்கு அலைபோல ஃபேஸ் கிடையாது, அது வேறு.) ஆரம் 100 நானோமீட்டர் என்றால் 0.13 டெஸ்லாவுக்கு ஒருமுறை கடத்துதிறன் ஏறி இறங்கும். 0.05 படியில் ஓட்டினால் ஓர் அலைக்கு மூன்று புள்ளிகூட விழாது. 0.005 வையுங்கள். ஸ்பின் (எலெக்ட்ரானின் இரு சுழல் நிலை) சேர்க்காத கணக்கென்றால் விடையை 2-ஆல் பெருக்க மறந்துவிடாதீர்கள்.

பலரும் சறுக்குவது கேஜில் (gauge, காந்தப்புலத்தைக் கணக்கில் எழுதும் முறை). லீட் (எலெக்ட்ரான் உள்ளே வந்து வெளியே போகும் கம்பி) எல்லாம் எக்ஸ் திசையில் இருந்தால், அந்தத் திசைக்குப் பொருந்தும் எக்ஸ் திசை லாண்டவ் கேஜ் சரி. அதே கேஜோடு மேலேயும் கீழேயும் லீட் ஒட்டினால் சேருமிடத்தில் இல்லாத காந்தப் பாய்வு முளைக்கும். மென்பொருள் முனகாது, ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும். புலத்தைத் திருப்பிப் பார்க்கும் சமச்சீர்ச் சோதனையிலும் இந்தத் தப்பு பாஸாகிவிடும். வளையத்தை எடுத்துவிட்டு வெறும் சிலுவை வடிவத்தை உயர் புலத்தில் ஓட்டுங்கள். அடுத்த முனைக்குப் போகும் கடத்தல் முழு எண்ணில் நிற்க வேண்டும். 1.4 பதிப்பிலிருந்து வரும் மேக்னெடிக் கேஜ் வசதி இந்தத் தலைவலியைத் தீர்க்கிறது.

ஒரே மாதிரியான இரு புள்ளிகளைப் பக்கம்பக்கமாக வைத்து இணைத்தால் கடத்துதிறனில் இரண்டு சிகரம் எதிர்பார்ப்பீர்கள். புலமில்லாதபோது ஒன்றுதான் தெரியும். கோடிங் தப்பல்ல: எதிர்ச்சமச்சீர் நிலை (இரு புள்ளியிலும் அலை எதிரெதிர்க் குறியில் இருப்பது) லீடோடு ஒட்டுவதே இல்லை. கொஞ்சம் புலம் கொடுத்தால் ஊசிபோல எட்டிப்பார்க்கும், ஆற்றல் படி அந்த ஊசியைவிடச் சிறிதாக இருந்தால்.

எலெக்ட்ரான்களுக்குள் விலக்குவிசை முக்கியமான கூலும் தடைக்கு (Coulomb blockade) குவாண்டை நம்பாதீர்கள். இன்னொன்று: ஒவ்வொரு புல மதிப்புக்கும் விடையை உடனே கோப்பில் எழுத வையுங்கள். ஆடிக் காற்றில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.