பங்கு உண்டு, லாபம் இல்லை: பேக்கர்ஸ் ரசிகனின் பல வருட அனுபவம்

அமெரிக்க ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸ் அணியில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. கடைசியாக 2021-ல் விற்பனைக்கு விட்டபோது விலை 300 டாலர், அனுப்பும் செலவு தனி. டிவிடெண்ட் கிடையாது. விலை ஏறாது. வெளியாருக்கு விற்க முடியாது, குடும்பத்துக்குள் மாற்றிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். பங்குதாரர் என்று சொன்னால் டிக்கெட்டில் ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டார்கள். ஜூலையில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் மைதானத்தில் உட்காரலாம், இயக்குநர் தேர்தலில் ஓட்டுப் போடலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை வாங்கியதற்கு என் மனைவி இன்னும் சிரிக்கிறாள். நான் ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன்.

விஸ்கான்சினுக்கு வேலைக்கு வந்த புதிதில் இந்த விளையாட்டு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. நாலு வினாடி ஓடுகிறார்கள், நாற்பது வினாடி நின்று பேசுகிறார்கள், நடுவில் லாரி விளம்பரம். ஆபீஸில் திங்கட்கிழமை காலை யாரும் வேறு எதுவும் பேசாததால் வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்தேன். இப்போது பல சீசன்கள் ஓடிவிட்டன. அணியையும் லீக்கையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது அவ்வளவு எளிதில்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அணி. 1919-ல் ஒரு இறைச்சி டின் கம்பெனி ஜெர்சி வாங்கக் காசு கொடுத்ததால் 'பேக்கர்ஸ்' என்று பெயர். 1923-ல் கடனில் தத்தளித்தபோது ஊர்க்காரர்களிடமே பங்கு விற்று, லாப நோக்கமில்லாத அமைப்பாக மாற்றினார்கள். இன்று ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். தனி ஒருவர் கைக்கு அணி போய்விடாதபடி ஒருவர் வைத்திருக்கும் பங்குக்கு உச்சவரம்பு உண்டு. லீக்கில் மற்ற 31 அணிகளும் தனியார் முதலாளிகளுடையவை. இந்த மாதிரி அமைப்பை இப்போது யாரும் புதிதாக ஆரம்பிக்க லீக் விதியில் இடமில்லை. பேக்கர்ஸுக்கு மட்டும் பழைய அணி என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இதனால் ரசிகனுக்கு என்ன லாபம்? மற்ற ஊர்களைப் பார்த்தால் தெரியும். செயின்ட் லூயிஸ் 2016-ல் ராம்ஸை இழந்தது. சான் டியாகோ 2017-ல் சார்ஜர்ஸை இழந்தது. ஓக்லாந்து 2020-ல் ரெய்டர்ஸை லாஸ் வேகஸுக்குப் பறிகொடுத்தது. பால்டிமோர் கோல்ட்ஸ் 1984-ல் ராத்திரியோடு ராத்திரியாக லாரிகளில் சாமான் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குப் போய்விட்டது. முதலாளிக்கு அரங்கம் கட்ட ஊர்க்காசு கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிவிடுவார். கிரீன் பே மக்கள்தொகை சுமார் ஒரு லட்சத்து ஏழாயிரம். அந்த ஊரில் ஒரு பெரிய லீக் அணி நூறு வருடமாக இருக்கிறதென்றால் காரணம், அதைத் தூக்கிக்கொண்டு போக முதலாளி என்று ஒருவர் இல்லாததுதான். என் 300 டாலர் அதற்கு வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மைதானத்துக்குப் போவதைப் பற்றி நிறையச் சொல்லலாம். லாம்போ ஃபீல்ட் 1957-ல் திறந்தது, இப்போது 81,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1960-லிருந்து சீசன் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்தே இருக்கிறது. காத்திருப்போர் பட்டியலில் ஒரு லட்சத்துக்கும் மேல் பெயர்கள், பிள்ளை பிறந்த கையோடு பதிவு செய்கிறவர்கள் உண்டு. என்னைப் போன்றவர்கள் மறுவிற்பனையில்தான் வாங்க வேண்டும். அங்கே காட்டும் விலை ஒன்று, கடைசிப் பக்கத்தில் கட்டணங்கள் சேர்ந்து வரும் விலை வேறு.

மில்வாக்கியிலிருந்து ஐ-43 பிடித்தால் இரண்டு மணி நேரம். மைதானம் நகருக்கு வெளியே பொட்டலில் இல்லை, வீடுகளுக்கு நடுவே இருக்கிறது. சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் புல்வெளியிலேயே காரை நிறுத்தவிட்டுக் காசு வாங்குகிறார்கள். நான் வழக்கமாக நிறுத்தும் வீட்டுப் பாட்டி கையில் கொடியோடு ரிவர்ஸ் சொல்வார், பூச்செடி மேல் ஏறினால் தொலைந்தோம். பக்கத்துக் காரில் அடுப்பு மூட்டி பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுட்டுக்கொண்டிருப்பார்கள். சைவம் என்று சொன்னால் பாவமாகப் பார்த்துவிட்டு ஒரு தட்டு நிறைய சீஸ் கர்ட் தருவார்கள். புதுசாக இருந்தால் கடிக்கும்போது கீச்சென்று சத்தம் வரும்.

உள்ளே பெரும்பாலும் அலுமினிய பெஞ்சுதான். ஆளுக்குப் பதினெட்டு அங்குலம். செப்டம்பரில் அது போதும். டிசம்பரில் எல்லோரும் மூன்று அடுக்கு உடை போட்டு வரும்போது வரிசைக்கு இரண்டு பேர் தொங்கலில்தான். ஒரு விஷயம் முக்கியம்: குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். கான்கிரீட்டில் கால் வைத்து மூன்று மணி நேரம் இருந்தால் எவ்வளவு தடிமனான சாக்ஸும் உதவாது. பழைய ஆட்கள் வீட்டிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து காலுக்கடியில் போடுவார்கள். இந்த ஊர்க்காரர்கள் 1967 டிசம்பர் 31-ஐ நேற்று நடந்தது போலச் சொல்வார்கள். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ், டல்லஸ் கௌபாய்ஸோடு சாம்பியன்ஷிப் ஆட்டம், கடைசி நொடிகளில் பேக்கர்ஸின் பார்ட் ஸ்டார் தானே பந்தோடு கோட்டைத் தாண்டி 21-17 என்று ஜெயித்தது. அன்று மைதானத்தில் இருந்ததாகச் சொல்கிற எல்லோரையும் கூட்டினால் ரெண்டு லாம்போ வேண்டும்.

ஆட்டத்தைப் பொறுத்தவரை, இந்த அணியின் ரசிகனாக இருப்பது ஒரு விசித்திரமான வலி. பிரெட் ஃபார்வ் 1992-ல் உள்ளே வந்தார், அவருக்குப் பிறகு ஆரன் ராட்ஜர்ஸ் 2022 வரை. முப்பது வருடத்துக்கு மேல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) பிரச்சினையே இல்லை. மற்ற அணிகள் வருடத்துக்கு ஒருவரை மாற்றி அழுதுகொண்டிருந்தன. இருவருக்கும் சேர்த்து ஏழு எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) விருதுகள். ஆனால் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் வெற்றி ஆளுக்கு ஒன்றுதான், 1997-ல் ஒன்று, 2011-ல் ஒன்று. இதைப் போதும் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

2015 ஜனவரி 18, சியாட்டில், ஜெயித்தால் சூப்பர் பௌல். இடைவேளையில் எங்களுக்கு 16-0 முன்னிலை. ஐந்து நிமிடம் பாக்கி இருக்கும்போது 19-7, அப்போது எங்கள் மோர்கன் பர்னெட் பந்தை இடைமறிக்கிறார். எதிரே வெட்டவெளி. ஓடியிருக்கலாம், ஆனால் பத்திரமாக இருக்கட்டும் என்று கீழே சரிந்துவிட்டார். அடுத்த மூன்று முயற்சியும் பயந்த ஓட்டம், பந்து எதிரணியிடம். சியாட்டில் ஒரு டச்டவுன் (பந்தைக் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) போட்டு, பந்தைத் தானே திரும்பப் பிடிக்கக் குட்டையாக உதைக்கும் ஆன்சைட் கிக் அடிக்கிறது. எங்கள் பிராண்டன் பாஸ்டிக்கின் வேலை முன்னால் தடுப்பது மட்டும்தான், பின்னால் இருந்த ஜோர்டி நெல்சன் பிடித்திருப்பார். பாஸ்டிக் தானே எகிறினார், பந்து ஹெல்மெட்டில் பட்டு எதிரணி கைக்குப் போனது. கூடுதல் நேரத்தில் 28-22 என்று தோற்றோம், ராட்ஜர்ஸ் அதில் பந்தைத் தொடக்கூட இல்லை. எல்லோரும் பாஸ்டிக்கைத்தான் திட்டினார்கள். என் கணக்கில் தோல்வி அதற்கு முன்பே, ஜெயிப்பதை விட்டுத் தோற்காமல் இருக்கப் பார்த்த அந்த நிமிடத்திலேயே தொடங்கிவிட்டது. அதே நோய் 2021 ஜனவரியில் டாம்பா பே ஆட்டத்திலும் வந்தது. எட்டுப் புள்ளி பின்தங்கி, எட்டு கஜம் தூரத்தில் கோடு, இரண்டு நிமிடம் பாக்கி. பயிற்சியாளர் மாட் லாஃப்ளூர் மூன்று புள்ளி மட்டுமே தரும் ஃபீல்ட் கோல் அடிக்கச் சொன்னார். எதிரணியின் குவாட்டர்பேக் டாம் பிரேடி பந்தைத் திருப்பித் தரவே இல்லை, 31-26.

சரி, லீக்குக்கு வருவோம். ஒரு ஆட்டத்தில் பந்து உண்மையில் நகரும் நேரம் சுமார் 11 நிமிடம் என்று 2010-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அளந்து எழுதியது. மிச்சம் மூன்று மணி நேரமும் ரீப்ளே, கூடிப் பேசுவது, விளம்பரம். இது பழகிவிடும். பழகாதது, எந்த ஆட்டம் எந்தத் திரையில் என்ற தேடல். ஃபாக்ஸ், சி.பி.எஸ்., என்.பி.சி., ஈ.எஸ்.பி.என்., வியாழனுக்கு அமேசான், கிறிஸ்துமஸுக்கு நெட்ஃபிளிக்ஸ். 2024 செப்டம்பரில் சாவ் பாலோவில் ஈகிள்ஸ் அணியுடன் ஆடியபோது பீகாக் என்ற ஸ்ட்ரீமிங் சேவை. 2024 ஜனவரியில் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையே பீகாக்கில் மட்டும் காட்டினார்கள். வெளி மாநிலத்தில் இருந்துகொண்டு எல்லா ஆட்டமும் பார்க்கவேண்டும் என்றால் யூட்யூப் வழி சண்டே டிக்கெட் என்ற சந்தா, அது தனிச் செலவு, அதிலும் எல்லாம் வராது.

அப்புறம் சூதாட்டம். 2018-ல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு வழி திறந்துவிட்டது, 2021-ல் லீக்கே பந்தய நிறுவனங்களோடு கூட்டு ஒப்பந்தம் போட்டது. அதற்கு முன்பு பல வருடம் பந்தயத்தை எதிர்த்து வழக்கு நடத்தியவர்களும் இவர்கள்தான். இப்போது வர்ணனைக்கு நடுவிலேயே பந்தய விகிதம் வருகிறது. எட்டு வயது மகன் "ஓவர் அண்டர்னா என்னப்பா?" என்று கேட்கும்போது எனக்கு லீக் மேல்தான் கோபம் வந்தது.

தலையில் அடிபடும் விஷயம் இதைவிடப் பெரிது. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், தானமாக வந்த 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.ஈ. என்ற, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புள்ள மூளைப் பாதிப்பு. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைக் கொடுத்திருப்பார்கள், எல்லா வீரர்களுக்கும் அதே விகிதம் என்று எடுக்க முடியாது. இருந்தாலும் படித்த பிறகு பலத்த மோதலுக்குக் கைதட்டுவதை நிறுத்திவிட்டேன். என் மகன் சாக்கர் ஆடுகிறான்.

இவ்வளவு குறை சொல்லியும் லீக்கை முழுசாகத் திட்ட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1961-ல் கமிஷனர் பீட் ரோஸெல் எல்லா அணிகளின் டிவி உரிமையையும் ஒன்றாகச் சேர்த்து விற்று, பணத்தைச் சரிசமமாகப் பிரிக்க வைத்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் போன்ற பெரிய சந்தை அணிகள் ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். அந்த ஏற்பாடு இல்லையென்றால் கிரீன் பே அன்றே மூடியிருக்கும். பேக்கர்ஸ் மட்டும்தான் வருடா வருடம் கணக்கை வெளியிடுகிறது, அதை வைத்துத்தான் மற்ற அணிகளுக்குப் போகும் பங்கையும் ஊரே தெரிந்துகொள்கிறது. 2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் லீக்கிடமிருந்து வந்தது 43 கோடி டாலருக்கு மேல். டல்லஸுக்கும் அதே, லாஸ் ஏஞ்சலஸுக்கும் அதே. சம்பளத்துக்கு உச்சவரம்பு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கடைசியில் வந்த அணிக்கு முதல் வாய்ப்பு, எல்லாம் சேர்ந்துதான் 2025 ஆகஸ்டில் டல்லஸிடமிருந்து தடுப்பாட்ட நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை இந்தச் சின்ன ஊரால் வாங்க முடிந்தது. எனக்கு எரிச்சல் தரும் அதே ஸ்ட்ரீமிங் காசுதான் அந்த 43 கோடியில் இருக்கிறது. பங்குச் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் இது உறுத்தும்.

புதிதாக விஸ்கான்சின் வந்தவர்களுக்கு என் யோசனை: மில்வாக்கியிலோ கிரீன் பேயிலோ இருந்தால் சந்தா எதுவும் வாங்காதீர்கள். ஒரு சாதாரண ஆன்டெனா போதும், ஈ.எஸ்.பி.என்., அமேசான் ஆட்டங்களையும் உள்ளூர் சேனலில் காட்டியாக வேண்டும். லாம்போவுக்கு முதல் தடவை போக டிசம்பர் வேண்டாம். ஆகஸ்ட் தொடக்கத்தில் ஃபேமிலி நைட் என்று ஒரு பயிற்சி ஆட்டம் நடக்கும், டிக்கெட் மலிவு, முடிவில் வாணவேடிக்கை. அதே சமயத்தில் பயிற்சி முகாமும் இருக்கும், வீரர்கள் ஊர்ப் பிள்ளைகளின் சைக்கிளை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள். குழந்தை இருந்தால் சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். பங்கு வாங்குவது பற்றிக் கேட்டால், அடுத்து எப்போது விற்பார்கள் என்று சொல்ல முடியாது. விற்றால் வாங்குங்கள், ஃப்ரேம் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.