நேந்திரங்காய் சிப்ஸ்: தேங்காய் எண்ணெயா, பாமாயிலா?

கேரள எல்லையிலுள்ள நம்ம களியக்காவிளைக் கடைகளில் இரண்டு வகையும் கிடைக்கும். முன்பக்கப் பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து வரிசையாக இருக்கும். பாமோலின் (பாமாயிலின் திரவப் பகுதி) என்றிருந்தால் விலை குறைவு, மணமும் குறைவு. தேங்காய் எண்ணெய் என்றால் ருசிக்குக் கேள்வியே இல்லை. ஆனால் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு அந்த எண்ணெயில்தான் அதிகம்: ஏறக்குறைய 90 சதவீதம். பாமோலினில் அதில் பாதி அளவுதான். நம்ம ஊரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், சரி. எப்போதாவது கொறிக்க நான் தேங்காய் எண்ணெய்ச் சிப்ஸையே எடுப்பேன். தினமும் என்றால் இரண்டும் வேண்டாம். ஒப்பிடும்போது 100 கிராமுக்கான கணக்கையே பாருங்கள். ஒரு தடவைக்கான அளவை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைக்கும். அப்புறம் உப்பிலுள்ள சோடியத்தையும் பாருங்கள்: ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம்தான் வரம்பு.